வாஷ்பேசின் பைப்பில் லைட்சேபர்: ஸ்டார் வார்ஸ் வாளை ரசிகர்கள் ஹார்டுவேர் கடையில் தேடுவது ஏன்?

‘ஸ்டார் வார்ஸ்’ என்றதும் சட்டென நினைவுக்கு வருவது லைட்சேபர் எனும் அந்த ஒளி வாள். பட்டனைத் தட்டினால் ‘வ்வூம்’னு ஒரு சத்தம், கூடவே நீளமாக ஒரு வெளிச்சம். பார்க்க ஏதோ பெரிய லேபில் டிசைன் செய்தது மாதிரி இருக்கும். உண்மையில் அது பழைய சாமான்களை ஒட்டிச் செய்தது!

முதல் வாள் எப்படிப் பிறந்தது?

1977ல் வெளியான முதல் படத்தின் செட் டெக்கரேட்டர் ரோஜர் கிறிஸ்டியன். பட்ஜெட் ரொம்பவே டைட். அப்போது லண்டனில் ஒரு கேமரா கடையில் அவர் கண்ணில் பட்டவை ‘கிராஃபிளெக்ஸ்’ ஃபிளாஷ் கைப்பிடிகள். அமெரிக்கப் பத்திரிகை போட்டோகிராஃபர்கள் ஒரு காலத்தில் தங்கள் பெரிய கேமராக்களின் பக்கவாட்டில் மாட்டிய பேட்டரிக் குழாய் அது. அதன் மேல் பிளாஸ்டிக் பட்டைகளையும், கால்குலேட்டரில் இருந்து எடுத்த ஒரு துண்டையும் ஒட்டினார். ஹீரோ லூக்கின் வாள் ரெடி.

அவருடைய குரு ஓபி-வானின் வாள் இன்னும் சுவாரஸ்யம். முதல் உலகப் போர் கால ரைஃபிள் கிரெனேடு, ரோல்ஸ் ராய்ஸ் ஜெட் இன்ஜினின் ஒரு பாகம், தண்ணீர்க் குழாயின் திருகு எல்லாம் சேர்ந்ததுதான் அது. சத்தமும் அப்படியே. புரொஜெக்டர் மோட்டாரின் ரீங்காரத்தையும் டிவி பிக்சர் டியூபின் இரைச்சலையும் கலந்து அதை உருவாக்கியவர் பென் பர்ட். கலை இயக்கத்துக்கான ஆஸ்கரை 1978ல் வென்ற குழுவில் கிறிஸ்டியனும் ஒருவர்.

கேமராவுக்கு வந்த சிக்கல்

படம் ஹிட்டானதும் ரசிகர்கள் அந்த ஃபிளாஷ்களைத் தேடி வாங்க ஆரம்பித்தார்கள். கிராஃபிளெக்ஸ் அவற்றைத் தயாரிப்பதை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. இருப்பதோ கொஞ்சம்தான், அதனால் விலை எகிறியது. பழைய பிரஸ் கேமராவை முழு செட்டாகச் சேகரிப்பவர்களுக்கு ஃபிளாஷ் கிடைப்பது குதிரைக் கொம்பாகிவிட்டது.

இங்கேதான் ஹார்டுவேர் கடை கை கொடுக்கிறது. அமெரிக்காவில் கிச்சன் சிங்க்குக்கு அடியில் மாட்டும் குரோம் பூசிய பித்தளை பைப்பின் விட்டம் ஒன்றரை இன்ச், அதாவது சுமார் 38 மி.மீ. கிராஃபிளெக்ஸ் குழாயும் கிட்டத்தட்ட அதே சைஸ்தான்! அதனால் ஒரு பழைய கேமராவைக்கூடக் கலைக்காமல் வாள் செய்துவிடலாம்.

என்னென்ன தேவை?

* கைப்பிடி: ஏறக்குறைய ஒரு அடி நீள சிங்க் பைப்.
* பிடிமானம்: ரப்பர் ஓ-ரிங், ரப்பர் பட்டை, இறுக்க ஒரு கிளாம்ப்.
* வாள் பகுதி: ஒரு இன்ச் பாலிகார்பனேட் குழாய். ஒளி சீராகப் பரவ உள்ளே டிஃப்யூஷன் ஷீட்.
* வெளிச்சம்: பவர் எல்இடி, லென்ஸ், சூட்டை வெளியேற்ற ஹீட்சிங்க்.
* மின்சாரம்: ரீசார்ஜபிள் பேட்டரி, ஸ்விட்ச்.

எங்கே சொதப்பும்?

முதல் தப்பு, குழாயில் காசு மிச்சம் பிடிப்பது. அக்ரிலிக் பார்க்கப் பளபளவென இருக்கும். ஆனால் இரண்டு வாள்கள் மோதினால் உடைந்து கூரான சில்லுகள் தெறிக்கலாம். பாலிகார்பனேட் அடியைத் தாங்கும். சும்மா ஷெல்ஃபில் வைக்கத்தான் என்றால் அக்ரிலிக் ஓகே. சண்டை போட என்றால் வேண்டவே வேண்டாம்.

இரண்டாவது, பேட்டரி. பித்தளையில் மின்சாரம் பாயும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். தோல் உரிந்த ஒரு வயர் பைப்பின் உள்சுவரைத் தொட்டால் ஷார்ட் சர்க்யூட் ஆகலாம். லித்தியம் பேட்டரி என்றால் தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு. பேட்டரியை நேரடியாக பைப்புக்குள் போடாமல், ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து, பாதுகாப்பு சர்க்யூட் உள்ள செல்லையே வாங்குவது நல்லது. பைப்பை அறுத்த பிறகு விளிம்பை அரத்தால் தேய்க்க வேண்டும். அறுக்கும்போது கண்ணாடி கட்டாயம்.

இது வெறும் பொம்மை விளையாட்டும் இல்லை. 2019ல் பிரான்ஸின் வாள்சண்டை கூட்டமைப்பு லைட்சேபர் சண்டையை அதிகாரபூர்வப் போட்டிப் பிரிவாகவே அங்கீகரித்துவிட்டது.

‘சிங்க் பைப்பில் செய்தால் டூப்ளிகேட்தானே?’ என்று யாராவது கேட்டால் கவலை வேண்டாம். ஒரிஜினலில் ஒட்டியிருந்ததும் தண்ணீர்க் குழாயின் திருகுதான்.