நீலமா, சஃபிரினா?

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., நிலவியல்

கொடைக்கானலுக்குப் பேருந்தில் செல்லும் நண்பர்கள் காட்ரோடு தாண்டியதும் சன்னல் வழியே பள்ளத்தாக்கையே பார்ப்பார்கள். மலைப்பக்கம் திரும்புவோர் சிலரே. சாலைக்காக வெட்டப்பட்டு நிற்கும் அப்பாறைகளில் பெரும்பாலானவை சார்னோக்கைட் வகையின. பழனிமலைப் பாறைகளுக்கிடையே மிகச் சில இடங்களில் மட்டும் சஃபிரின் என்னும் அரிய கனிமம் உண்டு. மலையடிவாரத்துக் கெங்குவார்பட்டி அவற்றுள் ஒன்று. 1980களிலேயே ஆய்வாளர்கள் இவ்வூர்ப் பாறைகளைப் பற்றி எழுதியுள்ளனர்.

எனக்கு அது புத்தகத்தின் வழியே அறிமுகமாகவில்லை. என் தந்தை கிணறு வெட்டும் கூலித் தொழிலாளி. அப்பகுதியில் ஒரு தோட்டத்தில் வெட்டும்போது கிடைத்த நீலநிறச் சில்லொன்றை மஞ்சள் துணியில் முடிந்து சாமி மாடத்தில் வைத்திருந்தார். ஊரார் நீலம் என்றார்கள். அக்காள் திருமணக் கடன் அதனால் தீருமென்று அவர் நம்பியிருந்தார். "நீ கல்லுப் படிப்புத்தானே படிக்கிறே, பார்த்துச் சொல்லு தம்பி" என்று என்னிடம் கொடுத்தார்.

நீலம் என்பது குருந்தக்கல்லின் ஒரு வகை. (கோரண்டம் என்னும் ஆங்கிலப் பெயர் நம் குருந்தத்திலிருந்து போனதே!) மோஸ் அளவையில் அதன் கடினம் 9. சஃபிரினுக்கு 7.5. சில்லின் முனை குவார்ட்ஸைக் கீறியது. ஆனால் 8 கடினமுள்ள புஷ்பராகத்தைக் கீறவில்லை. மாறாக, புஷ்பராகம்தான் அதைக் கீறியது. எனக்கு அப்போதே மனம் சோர்ந்துவிட்டது.

அடுத்தது ஒப்படர்த்தி. கல்லைக் காற்றில் நிறுத்து, பின் நூலில் கட்டி நீரில் மூழ்கவைத்து நிறுக்க வேண்டும். காற்றில் 2.8 கிராம், நீரில் 2.0 கிராம். குறைந்த 0.8ஆல் 2.8ஐ வகுத்தால் 3.5. சஃபிரினின் ஒப்படர்த்தி ஏறத்தாழ 3.4 முதல் 3.6 வரை. நீலத்திற்கு 4.0. அதாவது, இது நீலமாயிருந்தால் நீரில் 2.1 கிராம் காட்டியிருக்கும். எங்கள் வீட்டுக் கடன் முழுவதும் அந்த 0.1 கிராமில் தொங்கியது!

நீலநிறமுள்ள வேறு கற்களும் ஏமாற்றும். கார்டியரைட் மிக இலேசானது, ஒப்படர்த்தி 2.6 அளவே. கயனைட்டை அதன் நீளவாக்கில் கத்தியாலேயே கீறலாம். இறுதியாக, முன்பே உதிர்ந்திருந்த துணுக்கை 0.03 மில்லிமீட்டர் கனத்திற்குத் தேய்த்து, முனைவாக்க நுண்ணோக்கியில் விரிவுரையாளர் காட்டினார். மேடையைச் சுழற்றச் சுழற்ற நீலம் வெளிறி, ஏறக்குறைய நிறமற்றதாகி, மீண்டும் நீலமானது. சஃபிரினேதான்.

1819இல் கிரீன்லாந்துக் கல்லுக்கு, நீலமணியின் நிறத்தை வைத்தே இப்பெயரை இட்டனர். ஊரார் செய்த தவற்றில் பாதியை அறிஞர்களும் செய்தனர் எனலாம்! மக்னீசியமும் அலுமினியமும் மிகுந்து, சிலிக்கா குறைந்த பாறைகளிலேயே இது பெரும்பாலும் தோன்றும். பழனிமலைச் சஃபிரின் பாறைகளைப் பற்றி ரெய்த், கர்மாகர், பிரௌன் மூவரும் 1997இல் வெளியிட்ட கட்டுரை, அவை மிக உயர்ந்த வெப்பத்தில் உருவாகிப் படிப்படியாக மேலெழுந்தவை என்று விளக்குகிறது. 900 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பம். நிலத்தினடியில் இருபத்தைந்து கிலோமீட்டருக்கும் கூடுதலான ஆழம். காலம், ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன். இலங்கை, மடகாஸ்கர், அண்டார்க்டிகா ஆகியவை நம்மோடு ஒட்டியிருந்த கோண்ட்வானாக் கண்டம் உருவான காலம் அது. அங்கும் சஃபிரின் கிடைக்கிறது.

இதையெல்லாம் தந்தையிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"இருபத்தஞ்சு கிலோமீட்டரா? நாங்க அறுபது அடி இறங்கவே ஆறு மாசம் ஆச்சே" என்றார். சிறிது நேரம் கழித்து, "அப்போ இது நீலம் இல்லேங்கிறே?"

"இல்லேய்யா."

கல்லைத் துணியில் முடிந்தவர், மாடத்தில் வைக்காமல் மீண்டும் என்னிடமே நீட்டினார். "திங்கக்கிழமை இன்னொரு தரம் நிறுத்துப் பாரு தம்பி."

நிறுத்துப் பார்த்தேன். நீரில் 2.0 கிராம்தான்.