தீரத்திற்கு ஒரு பதக்கம்

பத்தாம் வகுப்பு, 'அ' பிரிவு

எங்கள் வீட்டுப் பரணில் தாத்தா சேர்த்து வைத்த பழைய சோவியத் இதழ்கள் ஒரு கட்டு இருக்கிறது. சென்ற கோடை விடுமுறையில் அதைத் தூசி தட்டிப் பிரித்தபோது ஒரு படம் என் கண்ணில் பட்டது. தலை நரைத்த முதியவர் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். அவரது கோட்டின் இடப்பக்கம் முழுவதும் பதக்கங்கள். அவற்றுள் ஒன்றில் மட்டும் சிறிய விமானங்களும் ஒரு டாங்கியும் தெரிந்தன. "இவற்றில் எது பெரியது, தாத்தா?" என்று கேட்டேன். தாத்தா அந்த வெள்ளி வட்டத்தைத் தொட்டுக் காட்டி, "பெரியது எது என்று எனக்குத் தெரியாதம்மா. ஆனால் இதை நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு வாங்க முடியாது" என்றார். அன்று முதல் அதன் வரலாற்றைத் தேடிப் படித்தேன். நான் அறிந்தவற்றைத் தோழியரோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பதக்கத்தின் பிறப்பு

இப்பதக்கத்தின் ரஷ்யப் பெயர் 'ஸா அத்வாகு' என்பது. 'தீரத்திற்காக' என்று அதைத் தமிழில் கூறலாம். 1938-ஆம் ஆண்டு அக்டோபர் 17-ஆம் நாள் சோவியத் அரசு இதனை ஏற்படுத்தியது. அவ்வாண்டுக் கோடையில் தூரகிழக்கு எல்லையில் உள்ள ஹாசன் ஏரியருகே சோவியத் படைக்கும் ஜப்பானியப் படைக்கும் சண்டை நடந்திருந்தது. அங்கே போரிட்டவர்களே இப்பதக்கத்தை முதன்முதலில் பெற்றவர்களுள் அடங்குவர்.

சோவியத் நாட்டில் 'ஆர்டர்' எனப்படும் உயர் விருதுகள் தனியாக இருந்தன. அவற்றுக்கு அடுத்த வரிசையில் வைக்கப்பட்ட போர்க்களப் பதக்கங்களுள் முதலிடம் இதற்கே. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. திட்டம் தீட்டிய தளபதிக்கும், நெடுங்காலம் பணிபுரிந்த அதிகாரிக்கும் வேறு விருதுகள் கிடைக்கும். இப்பதக்கமோ உயிருக்கு ஆபத்தான நேரத்தில் ஒருவர் தாமே காட்டிய துணிவுக்கு மட்டும் உரியது. ஆகவே சாதாரணச் சிப்பாய்கள் இதனை மிகவும் மதித்ததில் வியப்பில்லை.

அதன் அமைப்பு

பதக்கம் வெள்ளியால் ஆனது. குறுக்களவு 37 மில்லிமீட்டர். மேலே மூன்று விமானங்கள் பறக்கின்றன. நடுவே 'ஸா அத்வாகு' என்ற சொற்கள் சிவப்பு எனாமலில் பதிக்கப்பட்டுள்ளன. அதன் கீழே ஒரு டாங்கி. அடியில் சோவியத் யூனியனைக் குறிக்கும் நான்கு ரஷ்ய எழுத்துகள். முதலில் இது சிறிய சிவப்பு நாடாவில் தொங்கியது. 1943-ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதல், இரு ஓரங்களிலும் நீலக்கோடு உடைய சாம்பல் நிற நாடா வந்தது.

அந்த டாங்கிக்கும் ஒரு கதை உண்டு. அது டி-35 என்னும் பெருங்கவச வண்டி. அதற்கு ஐந்து சுழல் கோபுரங்கள். மாஸ்கோ செஞ்சதுக்கத்தின் அணிவகுப்புகளில் அது கம்பீரமாக ஊர்ந்து வரும். மொத்தம் 60 வண்டிகள் அளவுக்கே செய்யப்பட்டன. 1941-இல் உண்மையான போர் வந்தபோது, அவற்றுள் பல பழுதாகிச் சாலையோரங்களிலேயே கைவிடப்பட்டன. அணிவகுப்பில் அழகாகத் தோன்றியது போரில் நிலைக்கவில்லை. அதன் உருவம் பொறித்த பதக்கத்தை மார்பில் அணிந்த எளிய மனிதர்களே நிலைத்து நின்றார்கள்!

எவ்வாறு வழங்கப்பட்டது?

1941-ஆம் ஆண்டு ஜூன் 22-ஆம் நாள் ஹிட்லரின் படைகள் சோவியத் மண்ணில் புகுந்தன. அதற்கு முன்பு வரை ஏறத்தாழ 26,000 பேரே இப்பதக்கத்தைப் பெற்றிருந்தனர். போர் முடிவதற்குள் 40 இலட்சத்துக்கும் மேற்பட்ட முறை இது வழங்கப்பட்டது. இவ்வளவு வழங்கினால் மதிப்புக் குறைந்துவிடாதா என்று நான் முதலில் எண்ணினேன். ஆனால் அப்போரில் சோவியத் மக்கள் ஏறத்தாழ 2 கோடியே 70 இலட்சம் பேர் மாண்டனர் என்பதைப் படித்தபின் அந்த எண்ணம் மறைந்துவிட்டது.

தொடக்கத்தில் ஒரு சிப்பாயின் துணிவு மேலிடத்துக்கு எழுதப்பட்டு, ஒப்புதல் பெற்றுத் திரும்பி வரக் காலதாமதம் ஆயிற்று. அதற்குள் அவர் காயமடைந்து எந்த மருத்துவமனையிலோ கிடப்பார்; அல்லது உயிரோடு இருக்கமாட்டார். எனவே 1942 நவம்பர் 10-ஆம் நாள் ரெஜிமெண்ட் தளபதிகளுக்கே இப்பதக்கத்தை வழங்கும் அதிகாரம் அளிக்கப்பட்டது. உடனிருந்து பார்த்தவர்கள் சொல்ல, இன்னார் இன்ன நாளில் இன்னது செய்தார் என்று ஓரிரு வரிகள் ஆணையில் எழுதப்படும். பதக்கம் பெற்றவருக்கு மாதம் 10 ரூபிள் உதவித்தொகையும் டிராம் வண்டியில் இலவசப் பயணமும் உண்டு. போருக்குப் பின், 1948 முதல் அச்சலுகைகள் நிறுத்தப்பட்டன. பதக்கத்தின் மதிப்பு மட்டும் நிற்கவில்லை.

காப்பாற்றியவர்களுக்கும் பதக்கம்

தோழியரே, இனி நான் கூறப்போவதே என் உள்ளத்தை மிகவும் தொட்ட செய்தி.

போர்ப் பதக்கம் என்றால் பகைவரைக் கொன்றவருக்குத் தருவது என்றே நான் நினைத்திருந்தேன். அது முழு உண்மையன்று. 1941 ஆகஸ்டு 23-ஆம் நாள் 281-ஆம் எண்ணுள்ள ஓர் ஆணை பிறந்தது. குண்டு பொழியும் களத்திலிருந்து காயமடைந்தவர்களைத் தூக்கிவரும் மருத்துவ உதவியாளர்களைப் பற்றியது அது. 15 பேரை அவர்களுடைய துப்பாக்கிகளோடு மீட்டு வந்தவரைத் 'தீரத்திற்காக' அல்லது 'போர்ச் சேவைக்காக' என்னும் பதக்கத்துக்குப் பரிந்துரைக்க வேண்டும். 25 பேரை மீட்டால் செந்நட்சத்திர விருது. 40 பேரை மீட்டால் செங்கொடி விருது. 80 பேரை மீட்டால் அந்நாட்டின் உயர்ந்த விருதாகிய லெனின் விருது.

இந்த எண்களைப் படித்தபோது நான் எங்கள் வகுப்பை நினைத்துக்கொண்டேன். நாங்கள் 40 பேர். எங்கள் வகுப்பு முழுவதையும் ஒருத்தி ஒவ்வொருவராகத் தன் முதுகில் இழுத்து வருவதாகக் கற்பனை செய்து பார்த்தேன். காயமடைந்தவர் வளர்ந்த ஆண். கம்பளிக் கோட்டும் பூட்சும் அணிந்தவர். அவருடைய துப்பாக்கியே 4 கிலோ எடை. நிமிர்ந்து நடந்தால் குண்டு பாயும். ஆகவே அவரை ஒரு கூடாரத் துணியில் கிடத்தி, தரையோடு தரையாகத் தவழ்ந்தே இழுத்து வரவேண்டும். ஒருவரைச் சேர்த்த பிறகு மறுபடியும் அதே இடத்துக்குத் திரும்பிப் போக வேண்டும். முதல் முறை போவதைவிட, அங்கே என்ன இருக்கிறது என்று தெரிந்த பின் இரண்டாம் முறை போவதற்கே அதிகத் துணிவு வேண்டும் அல்லவா?

சோவியத் படையில் ஏறத்தாழ 8 இலட்சம் பெண்கள் பணிபுரிந்தனர். அவர்களுள் பலர் பள்ளிப் படிப்பை அப்போதுதான் முடித்தவர்கள். மருத்துவப் பணியில் இருந்த வேரா இப்போலித்தவா என்ற பெண்மணி இப்பதக்கத்தைப் பலமுறை பெற்றார். மிக அதிகமாக, ஆறு முறை பெற்றவர் செம்யோன் கிரெத்சோவ். அவர் பீரங்கி வீரரும் அல்லர், விமானியும் அல்லர். காயமடைந்தோரைச் சுமந்து வந்த ஒரு மருத்துவ உதவியாளர்!

பதக்கம் பெறாத வீரர்கள்

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இக்கட்டுரை நேர்மையுடையது ஆகாது. மேலே கூறிய ஆணைக்கு ஏழு நாட்களுக்கு முன்னர், 1941 ஆகஸ்டு 16-இல், ஸ்டாலின் அரசு 270-ஆம் எண்ணுள்ள வேறோர் ஆணையைப் பிறப்பித்தது. பகைவரிடம் சரணடைபவர்கள் துரோகிகள் என்றது அந்த ஆணை. சரணடைந்த அதிகாரிகளின் குடும்பத்தினரைக் கைது செய்யவும், சிப்பாய்களின் குடும்பத்துக்கு அரசு உதவியை நிறுத்தவும் அது வழிசெய்தது. அவ்வாண்டில் இலட்சக்கணக்கான சிப்பாய்கள் சுற்றிவளைக்கப்பட்டு, தோட்டா தீர்ந்து, காயத்தோடு சிறைப்பட்டனர். அவர்களுள் எத்தனையோ பேர் கடைசி வரை துணிவோடு போரிட்டவர்கள். அவர்களுடைய துணிவை எழுதிவைக்க அருகில் தளபதியும் இல்லை, தாளும் இல்லை. போர் முடிந்து வீடு திரும்பியபோது அவர்களுக்குக் கிடைத்தது பதக்கமன்று, சந்தேகப் பார்வை.

எனவே பதக்கம் உள்ள மார்பில் துணிவு உண்டு என்று சொல்லலாம். பதக்கம் இல்லாத மார்பில் துணிவு இல்லை என்று மட்டும் ஒருபோதும் சொல்லக்கூடாது.

பின்புறத்து எண்

போர்க்காலத்தில் வழங்கப்பட்ட பதக்கங்களின் பின்புறத்தில் ஓர் எண் பொறிக்கப்பட்டிருக்கும். பெயர் இராது. அந்த எண் இன்னாருக்கு உரியது என்பது அவரிடம் தரப்பட்ட சான்றிதழிலும் அலுவலக ஏடுகளிலும் மட்டுமே இருக்கும்.

1991-இல் சோவியத் யூனியன் கலைந்தது. தொடர்ந்து வந்த வறுமைக் காலத்தில் முதிய வீரர்களும் அவர்களது குடும்பத்தினரும் பலர் பதக்கங்களைச் சந்தையில் விற்க நேர்ந்தது. அவை நாடுவிட்டு நாடு போய்ச் சேகரிப்பாளர்களின் பெட்டிகளில் அடைந்தன. அரசு விருதுகளை விற்பதும் வாங்குவதும் ரஷ்யாவில் சட்டப்படி குற்றம். ஆயினும் பசிக்கு முன் சட்டம் என்ன செய்யும்? வீட்டில் அடுப்பெரிய வேண்டும் என்பதற்காகத் தம் பதக்கத்தை விற்ற ஒரு முதியவரைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை.

ஆறுதலான செய்தி ஒன்றும் உண்டு. 2010-ஆம் ஆண்டில் ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சகம் போர்க்கால விருது ஆவணங்களைக் கணிப்பொறி வழியே எவரும் பார்க்கும்படி வெளியிட்டது. இப்போது பேரப்பிள்ளைகள் தாத்தாவின் பெயரைத் தேடி, அவர் எந்த நாளில் எந்த ஊரருகே என்ன செய்தார் என்ற அந்த ஓரிரு வரிகளைப் படிக்க முடிகிறது. வாழ்நாளில் வாய்திறந்து சொல்லாத செய்தியை அந்தப் பழைய தாள் சொல்லிவிடுகிறது. சோவியத் எழுத்துகளை நீக்கிவிட்டு, ரஷ்யா இப்பதக்கத்தை இன்றும் வழங்கி வருகிறது.

முடிவுரை

போர் கொடியது; அது எந்த நாட்டிலும் வரக்கூடாது. இப்பதக்கத்தைப் பற்றிப் படித்தபின் அந்த எண்ணம் எனக்கு வலுப்பட்டதே அன்றிக் குறையவில்லை. ஆனால் துணிவு என்றால் அச்சமே இல்லாமை என்று நான் முன்பு நினைத்திருந்தது தவறு என்று தெரிந்துகொண்டேன். அஞ்சிக்கொண்டே, கூப்பிட்ட குரலை நோக்கி மீண்டும் ஒருமுறை தவழ்ந்து போனார்களே, அதுவே துணிவு. அதற்குப் போர்க்களம் வேண்டியதில்லை. நம் அருகில் ஒருவர் விழுந்து கிடக்கும்போது, எல்லோரும் விலகிப் போகும் வேளையில், நாம் மட்டும் திரும்பிச் சென்றால் போதும்.

பரணிலிருந்து எடுத்த அந்தப் படத்தை இப்போது என் மேசைமேல் வைத்திருக்கிறேன். அந்த முதியவரின் பெயர் படத்தின் கீழே அச்சிடப்படவில்லை. அவருடைய பதக்கத்தின் பின்புறத்தில் மட்டும் ஓர் எண் இருந்திருக்கும்.