வீட்டில் என்ன படம் பார்க்கலாம்?

சில மாதங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை இரவு. வாரம் ஒருநாள் எல்லோரும் சேர்ந்து தமிழ்ப் படம் பார்ப்பது எங்கள் வீட்டு வழக்கம். மகள், மருமகன், இரண்டு பேரப்பிள்ளைகள், என் மனைவி, நான் என்று ஆறு பேர். படத்தைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னுடையது. வீட்டில் மூத்தவன், சபையில் ஞாயிறு பள்ளி நடத்தியவன் என்ற முறையில் அந்த அதிகாரத்தை நானே எடுத்துக்கொண்டேன் என்பதுதான் உண்மை.

அன்று மருமகன் ஒரு படத்தின் பெயரைச் சொன்னார். "அதில் குடிக்கிற காட்சி வருகிறதாம், வேண்டாம்" என்று மறுத்துவிட்டேன். பதிலாக நான் போட்டது 'யு' சான்றிதழ் பெற்ற பழைய நகைச்சுவைப் படம். குடி இல்லை, ரத்தம் இல்லை, ஆபாசம் இல்லை. பாதிப் படத்தில், பெண் பார்க்கப் போன இடத்தில், கறுப்பாக இருக்கும் ஒரு பெண்ணை நிற்கவைத்து ஐந்து நிமிடம் கேலி செய்கிறார்கள். நானும் சிரித்தேன். ஒன்பது வயதுப் பேத்தி சத்தமில்லாமல் எழுந்து உள்ளே போய்விட்டாள். அவள் என் நிறம். அதே கேலியைப் பள்ளியில் இந்தியில் கேட்டுவிட்டு வருகிறவள் என்பது, அன்றிரவு அவள் தாய் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

அன்று முதல் இதைப் பற்றி யோசித்து வருகிறேன். யோசித்ததை நம் சங்க அன்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை. நான் கிறிஸ்தவன், என் அளவுகோல் வேதாகமம். ஆனால் பிள்ளைகளைப் பற்றிய கவலை எல்லா வீட்டுக்கும் பொதுவானது.

படமே வேண்டாமா?

என் தகப்பனார் காலத்தில் நாசரேத் பக்கத்துச் சபைகளில் சினிமா என்றாலே பாவம் என்ற பெரியவர்கள் பலர். அவரும் அப்படித்தான். 'டென் கமாண்ட்மென்ட்ஸ்' (1956) ஒன்றுக்குத்தான் கொட்டகைக்குப் போனார். அதையும் ஆராதனையில் இருப்பதுபோலக் கைகட்டிப் பார்த்தார்.

நாக்பூரில் நாற்பது ஆண்டுகளாக இருக்கும் எனக்கு அந்த வழி ஒத்துவரவில்லை. 1980-களில் அஜ்னி ரயில்வே காலனியில் நாலு தமிழ்க் குடும்பங்கள் காசு போட்டு வி.சி.ஆர். வாடகைக்கு எடுப்போம். ஒரே இரவில் மூன்று படம். விடியும்போது எல்லோருக்கும் கண் சிவந்திருக்கும். என் மகள் தமிழ் பேசப் பழகியதில் அந்த இரவுகளுக்கும் பங்கு உண்டு. பேரப்பிள்ளைகளுக்குப் பள்ளியில் இங்கிலீஷ், தெருவில் இந்தியும் மராத்தியும். படத்தையும் நிறுத்திவிட்டால் அவர்கள் காதில் விழும் தமிழ் பாதியாகிவிடும். ஆகவே எந்தப் படம் என்பதே நம் கேள்வி.

சான்றிதழ் போதுமா?

'யு', 'ஏ' என்று இருந்த சான்றிதழ்களோடு 1983-ல் 'யு/ஏ' சேர்ந்தது. 2023-ல் வந்த சட்டத் திருத்தம் அதை 7, 13, 16 வயதுக்கு மேற்பட்டோர் என மூன்றாகப் பிரித்தது. இணையவழிப் படங்களுக்கும் 2021 விதிகளின்படி வயதுக் குறியீடு உண்டு. 13-க்கு மேல் என்றால் பெற்றோர் பூட்டுப் போடும் வசதியும் தரவேண்டும். நல்ல ஏற்பாடுகள், பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

ஆனால் நான் ரயில்பாதைப் பிரிவில் வேலை பார்த்தவன். சிக்னல் பச்சை என்றால் வண்டி போகலாம். அகலப்பாதையில் இரு தண்டவாளங்களுக்கு இடையே 1676 மில்லிமீட்டர் சரியாக இருக்கிறதா என்பதை, ஒருவர் இறங்கி அளந்துதான் பார்க்க வேண்டும். சான்றிதழ் வயதைச் சொல்லும். என் பேத்தியின் மனதை அது அறியாது.

வேதம் தரும் அளவுகோல்

உண்மையும் நீதியும் தூய்மையும் உள்ளவற்றிலேயே மனதைச் செலுத்தும்படி பவுல் எழுதுகிறார் (பிலிப்பியர் 4:8). இதை வைத்து, கெட்டது எதையும் காட்டாத படமே நல்ல படம் என்று நானும் எண்ணியிருந்தேன். ஆனால் வேதாகமமே கெட்டதை மறைக்கவில்லை. தாவீது ராஜா பிறன் மனைவியை எடுத்துக்கொண்டு, அவள் கணவனைச் சாகடித்தது 2 சாமுவேல் 11-ல் அப்படியே இருக்கிறது. அடுத்த அதிகாரத்தில் நாத்தான் தீர்க்கதரிசி வந்து, ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பறித்த பணக்காரன் கதையைச் சொல்கிறார். ராஜா கொதிக்கிறான். அந்த மனிதன் தானே என்று பிறகு தெரிகிறது. ஒரு கதை மனசாட்சியைத் திறக்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

ஆக, படத்தில் பாவம் வருகிறதா என்று மட்டும் கேட்டால் போதாது. நான் இப்போது மூன்று கேள்விகள் கேட்கிறேன்.

1. தவறு செய்கிறவன் அதற்கு விலை கொடுக்கிறானா, கைதட்டல் வாங்குகிறானா?

2. யாரைப் பார்த்து நம்மைச் சிரிக்கச் சொல்கிறது? வலியவனின் அகந்தையையா, எளியவரின் உடம்பையா? மனிதன் தேவசாயலில் படைக்கப்பட்டவன் என்று நம்புகிறவன் (ஆதியாகமம் 1:27) நிறத்தைப் பார்த்துச் சிரிக்க முடியாது.

3. படம் முடிந்தபின் பிள்ளைகளோடு அதைப் பற்றிப் பேச என்னால் முடியுமா?

சிவாஜியின் 'ஞான ஒளி' (1972) படத்தில் கொலை, சிறை, தப்பியோட்டம் எல்லாம் உண்டு. ஆனால் செய்த குற்றம் ஆண்டனியை விடுவதே இல்லை. தேறுகிறது. 'காக்கா முட்டை' (2015) கதைக்கும் கோயிலுக்கும் சம்பந்தமில்லை. ரயில்பாதையோரம் கரி பொறுக்கும் இரண்டு சேரிச் சிறுவர்களின் கதை. பீட்சாவுக்கு ஏங்கும் அவர்களைப் பார்த்து நாம் சிரிக்கவில்லை, அவர்களோடு சேர்ந்து சிரிக்கிறோம். அதுவும் தேறுகிறது. நான் தேர்ந்தெடுத்த நகைச்சுவைப் படம் இரண்டாம் கேள்வியிலேயே தோற்றது. மருமகன் சொன்ன படத்தைப் பிறகு தனியாகப் பார்த்தேன். குடியால் ஒரு குடும்பம் சிதைவதைத்தான் அது காட்டியது.

பழைய படங்களில் கிறிஸ்தவப் பெயர் வந்தாலே கையில் மதுக்கோப்பையும் கொச்சைத் தமிழும் கூடவே வரும். அதைப் பார்த்து மனம் நொந்தவன் நான். அந்த வலி தெரிந்தும் பேத்தியின் வலியைக் கவனிக்கத் தவறினேன்.

மறுநாள் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். இப்போது எங்கள் வீட்டில் தேர்வு முறைவைத்து நடக்கிறது. பெரியவர் ஒருவர் முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும். படம் முடிந்ததும் பத்து நிமிடம் பேச வேண்டும், அதுவும் தமிழில். போன வாரம் பேத்தியின் முறை. ஒரு படத்தைக் காட்டி, "தாத்தா, இதுல யாரையாவது கேலி பண்றாங்களா?" என்று கேட்டாள்.

"பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்றேன். வெள்ளிக்கிழமை உட்கார்ந்து முழுவதும் பார்த்தேன். சனிக்கிழமை இரவு ஆறு பேரும் சேர்ந்து அதையே பார்த்தோம்.