இடுப்பு நோவும் குடியானவர் வேலையும்

நடவு முடிந்து களையெடுப்புத் தொடங்கும் நாட்களில் ஐக்கிய சங்கக் கிடங்கின் திண்ணையில் காத்திருப்போரைச் சிறிது கவனித்தால் ஒரு சங்கதி புலப்படும். பெயர் கூப்பிட்டவுடன் எழுந்திருப்பவர் இரு கைகளையும் முழங்காலின்மேல் ஊன்றி, ஒரு பெருமூச்செறிந்து, சற்றுக் கூனியவாறே நாலடி நடந்த பின்னரே நிமிர்கிறார். அவர் கிழவரல்லர், முப்பத்தைந்து, நாற்பது வயதுடையவர். கேட்டால், "இடுப்புப் பிடிப்புத்தான், பாடுபடுகிற உடம்புக்கு வராமல் இருக்குமா?" என்பார். இதனை ஒரு வியாதியென்று எண்ணுவோர் சிலர். தடுக்கக்கூடியதென்று எண்ணுவோர் அவரினும் சிலர்.

ஆயினும் இதனால் விளையும் நஷ்டம் அற்பமன்று. நடவுக் காலத்தில் ஒரு பெண்பிள்ளை பத்து நாள் படுத்துவிட்டால் அந்தப் போகத்துக் கூலியில் பெரும்பகுதி போய்விடுகிறது. பயிருக்கென்று சங்கத்தில் வாங்கிய கடனில் ஒரு பங்கு ஊசிக்கும் தைலத்துக்கும் செலவாகிறது. தவணை தவறியதற்குக் காரணம் கேட்கும்போது மழையும் விலைவாசியுமே பேசப்படும். இடுப்பு நோவு பேசப்படுவதில்லை. வீட்டுக்குள் சென்று விசாரித்தால் சில இடங்களில் அதுவே முதற் காரணமாயிருக்கும்.

இந்த நோவு ஒரு நாட்டாருக்கோ ஒரு தொழிலாருக்கோ மட்டும் உரியதன்று. 2020-ஆம் வருஷத்தில் உலகமெங்கும் 61 கோடியே 90 லட்சம் ஜனங்கள் இதனால் வருந்தினரென்று உலக சுகாதார ஸ்தாபனத்தார் கணக்கிட்டிருக்கின்றனர். அத்தகையோரில் பத்துக்கு ஒன்பது பேருக்கு எலும்பு முறிவு, கிருமி நோய் முதலிய குறிப்பிட்ட ரோகம் எதனையும் காட்ட இயலாதென்பதும் அவர்கள் கருத்து. அதாவது, பெரும்பாலோருக்கு இது பயப்படத்தக்க வியாதியன்று; உடம்பை வைத்து வேலை வாங்கும் முறையோடு நெருங்கிய சம்பந்தமுடையது.

அதனை விளங்கிக்கொள்ளக் கடப்பாரையை நினைத்தாற் போதும். கடப்பாரையின் நுனியைப் பாறைக்கடியிற் செருகி, அருகில் ஒரு கல்லை முட்டுக்கொடுத்து, மறுகோடியை அழுத்தினால் ஓர் ஆள் நான்கு ஆள் பாரத்தைப் புரட்டிவிடுகிறான். முட்டுக்கல்லுக்கும் கைக்கும் உள்ள தூரமே அந்த வலுவைத் தருகிறது. மனிதன் குனிந்து ஒரு சுமையைத் தூக்கும்போது இதே கணக்கு அவனுக்கு விரோதமாக நடைபெறுகிறது. முதுகெலும்பு முட்டுக்கல், முன்னே நீட்டிய கையிலுள்ள சுமை கடப்பாரையின் நீண்ட கோடி, பின்புறத்துத் தசைகளோ எலும்பிலிருந்து சுமார் 5 சென்டிமீட்டர் தூரத்தில் மட்டுமே இருந்து இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது. 20 கிலோ எடையுள்ள தண்ணீர்க் குடத்தை முதுகெலும்பிலிருந்து 40 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்தால் அத்தசைகள் 160 கிலோவுக்குரிய இழுப்பு இழுக்க வேண்டும். குனிந்திருக்கும் மேலுடம்பின் பாரம் இதில் சேரவில்லை. அதே குடத்தை வயிற்றோடு அணைத்து 20 சென்டிமீட்டருக்குள் கொண்டுவந்தால் 80 கிலோவே ஆகும். குடம் அதே குடம். தூரம் பாதியாகவே சிரமமும் பாதியாயிற்று. இடுப்பிலும் தலையிலும் குடம் வைத்துவரும் பெண்கள் இக்கணக்கைப் பள்ளிக்கூடத்திற் படிக்காமலே அறிந்தவர்கள். ஆனால் இடுப்புக் குடத்தை எப்பொழுதும் ஒரே பக்கத்தில் வைக்காமல் மாற்றி மாற்றி வைத்தல் நலம்.

ஒருமுறை குனிவதால் யாருக்கும் கெடுதியில்லை; குனிந்தவர் மணிக்கணக்காகக் குனிந்தே இருப்பதுதான் கெடுதி. நாற்று நடுபவரும் களை பறிப்பவரும் காலையிற் குனிந்தால் சாப்பாட்டு வேளைக்கே நிமிர்கிறார்கள். கால்மணி நேரத்துக்கொரு முறையேனும், அல்லது வரப்பு வரும்போதெல்லாம், நிமிர்ந்து இரு கைகளையும் இடுப்பின் பின்புறத்தில் வைத்து மெதுவாகப் பின்னால் நான்கைந்து முறை வளைந்து கொடுப்பது மிகவும் பிரயோஜனமானது. இதற்கு ஒரு நிமிஷம் பிடிக்கும். வரப்பின்மேல் குடை பிடித்து நிற்பவர் இதைச் சோம்பலென்று எண்ணக்கூடும்; அவர் ஒரு முற்பகல் வயலில் இறங்கி நட்டுப் பார்ப்பாராகில் அவ்வெண்ணம் மாறும்.

கருவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். இது விஷயத்தில் அமெரிக்க தேசத்துக் கலிபோர்னியா மாகாணத்தில் நடந்த ஒரு வழக்குச் சங்கத்தார் அறியத்தக்கது. அங்கே லெட்டூஸ் கீரை, சர்க்கரைக் கிழங்கு முதலிய தோட்டங்களில் வேலை செய்த கூலிக்காரர், பெரும்பாலும் மெக்ஸிகோ நாட்டு வம்சத்தார், ஒரு முழத்துக்கும் குறைந்த பிடியுள்ள களைக்கொத்தை வைத்து நாள் முழுதும் குனிந்தே வேலை செய்தனர். அக்கருவிக்குத் தங்கள் பாஷையில் 'குட்டையன்' என்று பெயரிட்டிருந்தனர். நீண்ட பிடியிட்டால் பயிர் சேதமாகும், வேலை சுத்தமாயிராது என்று தோட்டக்காரர்கள் வாதித்தனர். குட்டைப் பிடியால் அவர்களுக்கு வேறொரு சௌகரியமும் இருந்தது. யார் நிமிர்ந்து நிற்கிறார் என்பது தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். முதுகு கெட்ட தொழிலாளர் வழக்குத் தொடுத்தனர். 1975-ஆம் வருஷம் ஜனவரி மாதம் அம்மாகாண உச்ச நீதிஸ்தலம் அவர்களுக்கு அனுகூலமாகத் தீர்ப்பளித்தது. அவ்வருஷத்திலேயே குட்டைக் களைக்கொத்து விலக்கப்பட்டது. பயிர் ஒன்றும் அழிந்துபோகவில்லை. அமெரிக்காவில் லெட்டூஸ் கீரை மிகுதியாக விளைவது இன்றும் அம்மாகாணத்திலேதான்.

நம் கிராமங்களில் மண்வெட்டிக்கும் களைக்கொத்துக்கும் பிடி போடும்போது கையில் அகப்பட்ட கழியைப் போடுவதே வழக்கம். ஆள் உயரத்தைப் பார்த்துப் பிடி போடுவோர் எத்தனை பேர்? புருஷனுக்கென்று போட்ட பிடியோடு மனைவியும் மகனும் மாரடிக்கிறார்கள். மேட்டுநிலப் பயிர்களுக்கு நின்றவாறே இழுக்கும் நீண்ட பிடிக் களைக்கொத்து உதவும். நெல் வயலில், செம்மை நெல் சாகுபடியிற் போல வரிசையாக நட்டிருந்தால், உருளைக் களைக்கருவியை நிமிர்ந்து தள்ளிச் செல்லலாம். வரிசை தவறி நட்ட வயலில் அது ஓடாது. வயலில் சிறிது தண்ணீரும் நிற்க வேண்டும். கைப்பிடி, தள்ளுபவருடைய இடுப்புக்கும் முழங்கைக்கும் நடுவே அமையுமாறு பொருத்துதல் வேண்டும். இத்தகைய கருவியை ஒவ்வொரு சிறு குடியானவரும் தனித்தனியே வாங்குவது அனாவசியம். உழவுக் கருவிகளை வாடகைக்கு விடும் சங்கங்கள் இந்நாளில் பல உள்ளன. டிராக்டரோடு நாலைந்து களைக்கருவிகளையும் வைத்தால் சங்கத்துக்குப் பெரிய முதலீடன்று.

கிடங்கைப் பற்றியும் சங்கத்தார் யோசிப்பது நன்று. யூரியா மூட்டை 2018-ஆம் வருஷம் முதல் 45 கிலோவாயிற்று. மற்ற உர மூட்டைகளும் ரேஷன் அரிசி மூட்டைகளும் பெரும்பாலும் 50 கிலோ. சர்வதேசத் தொழில் ஸ்தாபனத்தார் 1967-ஆம் வருஷத்திலேயே, ஓர் ஆண்பிள்ளை தனியே சுமக்கும் பாரம் 55 கிலோவுக்கு மேற்படலாகாதென்றும், பெண்களுக்கும் இளைஞருக்கும் அதனினும் மிகக் குறைவாயிருக்க வேண்டுமென்றும் சிபாரிசு செய்தனர். 50 கிலோ அந்த எல்லைக்குள் அடங்கும் என்பது மெய்யே. ஆனால் தரையிலிருந்து தூக்கும் 50 கிலோவும் முழங்காலுக்கு மேல் உயரமுள்ள மேடையிலிருந்து தோளுக்கு மாற்றும் 50 கிலோவும் ஒன்றல்ல. முன்னது முதுகைக் கேட்கிறது. பின்னது காலைக் கேட்கிறது. கிடங்கில் பலகையோ கல்லோ அடுக்கி ஒரு மேடை அமைத்தால் மூட்டைக்கு ஈரம் ஏறாது. தூக்குவோருக்கும் குனிய நேராது. மூட்டையைத் தூக்குமுன் கால்களை அகற்றி, ஒன்றைச் சிறிது முன்வைத்து, முழங்காலை மடக்கி, மூட்டையை மார்போடு அணைக்க வேண்டும். திரும்ப வேண்டுமானால் இடுப்பை முறுக்காமல் பாதங்களை மாற்றி வைத்துத் திரும்ப வேண்டும். இரண்டு பேர் இருந்தால் இரண்டு பேரும் தூக்குவதில் வெட்கமென்ன?

இங்கே ஓர் உண்மையை மறைத்தலாகாது. சுமை தூக்கும் முறையைக் கற்பித்தால் மட்டும் இடுப்பு நோவு குறைகிறதா என்று பல தேசங்களில் ஆராய்ந்து பார்த்திருக்கின்றனர்; குறைந்ததாக நிரூபணம் கிடைக்கவில்லை. இடுப்பில் இறுக்கிக் கட்டும் பட்டையின் கதியும் அதுவே. ஆதலால் உபதேசத்தைவிட மேடையும் பிடியும் முக்கியம். ஆளைத் திருத்துவதற்கு முன் பாரத்தின் அளவையும் உயரத்தையும் திருத்துவதே யுக்தம்.

வீட்டு வேலையில் கவனிக்க வேண்டியது விடியற்காலம். முதுகெலும்புகளுக்கிடையே உள்ள மெத்தை போன்ற வட்டுகள் இரவில் படுத்திருக்கும்போது நீரை உறிஞ்சி உப்பிக்கொள்கின்றன. அதனாலேயே ஒருவருடைய உயரம் மாலையைவிடக் காலையில் ஏறக்குறைய ஒரு விரற்கடை கூடுதலாயிருக்கிறது. உப்பியிருக்கும் வேளையில் குனிந்தால் வட்டின்மேல் இழுப்பு அதிகம். 1998-ல் அமெரிக்காவில் நடந்த ஒரு பரீக்ஷையில், விடியற்காலத்தில் குனிவதைத் தவிர்த்தவர்களுக்கு நாட்பட்ட இடுப்பு நோவு குறைந்தது. நம் வீடுகளிலோ எழுந்தவுடனே செய்வதெல்லாம் குனியும் வேலை: வாசல் பெருக்குதல், கோலமிடுதல், தொழுவத்துச் சாணத்தைக் கூடையில் வாரித் தூக்குதல். நோவுள்ளவர்கள் முதலில் அடுப்பு வேலை, மாட்டுக்குத் தண்ணீர் காட்டுதல் முதலிய நின்று செய்யும் வேலைகளை முடித்து, ஒரு மணி நேரம் கழித்துக் குனியும் வேலைக்குப் போகலாம். விளக்குமாற்றை மூங்கிற் கழியிற் கட்டிக்கொண்டால் நின்றவாறே பெருக்கலாம். இச்சில்லறைச் செலவுக்கு வீட்டுப் பெண்கள் கேட்டு ஆண்கள் மறுப்பது நியாயமன்று.

நோவு வந்துவிட்டால் செய்ய வேண்டியது யாது? பாயைப் போட்டுப் பத்து நாள் படுப்பதே வழக்கம். வைத்தியர்களும் நெடுங்காலம் அவ்வாறே சொல்லிவந்தனர். 1986-ல் அமெரிக்காவில் ஏழு நாள் படுக்கையையும் இரண்டு நாள் படுக்கையையும் ஒப்பிட்டபோது, ஏழு நாளால் அதிக நன்மை ஒன்றும் காணப்படவில்லை. 1995-ல் பின்லாந்து தேசத்து ஹெல்ஸிங்கியில், இரண்டு நாள் படுத்தவர்களைவிட, நோவு இடங்கொடுத்த அளவு அன்றாடக் காரியங்களைச் செய்துகொண்டிருந்தவர்களே விரைவில் குணமடைந்தனர். படுத்தால் தசை தளர்கிறது. தளர்ந்த தசை மறுபடியும் நோகிறது. ஆகவே முதல் ஓரிரு நாள் பாரந் தூக்காமலும் நெடுநேரம் குனியாமலும் இருந்து, எழுந்து நடமாடிக்கொண்டிருப்பதே நல்லது. தவிட்டையோ உப்பையோ வறுத்துத் துணியில் முடிந்து, தோல் பொறுக்கும் சூட்டில் ஒத்தடமிட்டால் சிறிது சுகம் உண்டாகும். எண்ணெய் தடவிக் கையால் நீவுவதற்கும் ஆக்ஷேபமில்லை. முதுகின்மேல் ஏறி மிதிக்கச் சொல்வதும், வேகமாக முறித்து நெட்டியெடுப்பதும் கூடாது. எலும்பு மெலிந்த வயதான பெண்களுக்கு அதனாலேயே முறிவு நேரலாம்.

படுக்கையைப் பற்றிப் பெரியோர்களிடையே, வெறுந்தரையே முதுகுக்கு மருந்து என்று ஓர் எண்ணம் உண்டு. 2003-ல் ஸ்பெயின் தேசத்தில் 313 பேரை வைத்துப் பார்த்ததில், மிகக் கடினமான மெத்தையைவிட நடுத்தரக் கடினமுள்ள மெத்தையே நாட்பட்ட நோவுக்கு நன்றாயிருந்தது. தொய்ந்த கயிற்றுக் கட்டிலை இழுத்துக் கட்டிக்கொண்டு அதன்மேல் ஒரு ஜமக்காளம் விரித்தால் போதும். ஒருக்களித்துப் படுத்து முழங்கால்களுக்கிடையே தலையணை வைத்துக்கொள்வது பலருக்குச் சுகமளிக்கிறது.

குணமான பின் மறுபடியும் வராதிருக்க நடையே எளிய வழி. ஆஸ்திரேலியாவில் நோவு தீர்ந்த 701 பேரைப் பரீக்ஷித்து 2024-ல் வெளியிட்ட முடிவின்படி, சிறிது சிறிதாகக் கூட்டி வாரத்தில் ஐந்து நாள் அரைமணி நேரம் நடக்கப் பழகியவர்களுக்கு நோவு திரும்ப வர 208 நாளாயிற்று. நடக்காதவர்களுக்கு 112 நாள். வயலுக்கும் வீட்டுக்கும் அலைவதே நடைதானே என்று குடியானவர் கேட்பார். தலையிற் புல்லுக்கட்டோடு வரப்பில் நடப்பது வேறு. கையை வீசிச் சம தரையில் நடப்பது வேறு.

கடையில் வாங்கும் வலி மாத்திரையை வெறுவயிற்றிலும், வெயிலில் வேலை செய்து உடம்பு வற்றியபோதும், நாட்கணக்காக விழுங்குவோருக்கு வயிற்றுப் புண்ணும் மூத்திரக் காய்க் கெடுதியும் உண்டாகக்கூடும். பெயர்ச்சீட்டில்லாத பொடிகளைத் தின்று உடனே நோவு பறந்ததானால் மகிழ்வதற்கு முன் சந்தேகிக்க வேண்டும். அவற்றுட் சிலவற்றில் ஸ்டீராய்டு என்னும் மருந்தைக் கலக்கின்றனர். அது நாளடைவில் எலும்பையே அரித்துவிடும்.

மீதிப் பத்திலொரு பங்கினரை அறிந்துகொள்வது அவசியம். இரவிலும் ஓயாத நோவு, மாலை ஜுரம், உடம்பு இளைத்தல் ஆகிய இவை சேர்ந்து வந்தால் அது முதுகெலும்பைப் பற்றிய க்ஷயமாயிருக்கலாம். 1779-லேயே பாட் என்னும் ஆங்கில ரண வைத்தியர் இந்நோயை விவரித்து எழுதினார். இந்நாளில் சர்க்கார் ஆஸ்பத்திரியில் இதற்கு இலவச மருந்து கிடைக்கிறது, விடாமல் பல மாதம் சாப்பிட வேண்டும். மரத்திலிருந்தோ படியிலிருந்தோ விழுந்த பின் வந்த நோவையும் ஒத்தடத்தோடு விடலாகாது. இடுப்பு நோவோடு கால் துவண்டு போதல், தொடைகளின் நடுவே மரத்துப் போதல், மூத்திரம் கட்டுதல் அல்லது அறியாமற் போதல் என்னும் இவற்றுள் ஒன்று கண்டாலும் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் கால் திரும்பாமற் போகலாம். வண்டி வாடகைக்குக் கைமாற்றுத் தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. 108 என்ற எண்ணுக்குச் சொன்னால் ஆம்புலன்ஸ் வண்டி இலவசமாக வரும்.