இமயத்து உறவா, உள்ளூர் உறவா?

பெரியாறு ஏரியையும் அதன் மேற்பகுதி ஓடைகளையும் விட்டால் இந்த மீனுக்கு உலகில் வேறு வீடு கிடையாது. உடலின் பின்பகுதியைக் கவனியுங்கள்: கழிவுத் துளையின் இருபுறமும் பெரிய செதில்கள் ஓடு வேய்ந்தாற்போல் அடுக்கியிருக்கும்.

1941-இல் மீனியலாளர் சுந்தரராஜ் இதை லெபிடோபைகாப்சிஸ் டைபஸ் என்று அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்தினார். ‘பெரியாறு ட்ரவுட்’ என்று அழைத்தாலும் இது கெண்டைக் குடும்பம்தான். இதே செதில் அடுக்கு, சுமார் 2,000 கிலோமீட்டருக்கு அப்பால் இமயமலை ஆறுகளில் வாழும் ஸ்னோ ட்ரவுட் மீன்களுக்கும் உண்டு. அதனால் அந்த இனத்தின் தென்னாட்டுக் கிளை இது என்றே பல பத்தாண்டுகள் கருதப்பட்டது. விந்திய, சாத்பூரா மலைகள் வழியாக இமயத்து மீன்கள் தெற்கே வந்தன என்ற மீனியலாளர் சுந்தர்லால் ஹோராவின் கருத்தோடும் அது பொருந்திப்போனது.

அது சரியா என்பதற்கான விடை துடுப்பின் ஒரு சிறு துணுக்கில் இருந்தது. மீனைக் கொல்லாமலே அதை எடுக்கலாம். செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்குத் தனி டிஎன்ஏ உண்டு: 37 மரபணுக்கள், மீன்களில் ஏறத்தாழ 16,500 எழுத்துகள். பெரும்பாலும் தாய்வழியே மட்டும் வருவதால் கலப்பில்லை. மாற்றங்களும் விரைவாகச் சேரும். இரு மீன்களுக்கிடையே எத்தனை எழுத்துகள் வேறுபடுகின்றன என்பது, அவை எவ்வளவு காலம் முன்பு பிரிந்தன என்பதற்குத் தடயம்.

திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் அருணாச்சலமும் பங்கேற்ற பன்னாட்டு ஆய்வு 2015-இல் வெளியானது. அதன்படி பெரியாற்று மீன் சேரும் கிளை மாசீர் என்ற பெரிய கெண்டை மீன்களுடையது. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஹிப்செலோபார்பஸ் கெண்டைகளும், ஆப்பிரிக்க லேபியோபார்பஸ் மீன்களும்கூட அதே கிளைதான். செதில் அடுக்கு இரு இடங்களில் தனித்தனியே தோன்றியிருக்கிறது. வியப்பான செய்தி இதுதான்!

இன்று இது அழியும் ஆபத்திலுள்ள மீன். வெளியிலிருந்து ஏரிக்கு வந்த திலேப்பியாவும் சாதாக் கெண்டையும் இதன் உணவுக்கும் இடத்துக்கும் போட்டியாக நிற்கின்றன.