வெயில் மழையில் நிற்கும் மரத்துக்கு வைரமே காப்பு

ஸ்ரீமுஷ்ணம் வட்டாரத்தில் மாட்டுக் கொட்டகைக்குக் கால் நடுவதும், கொல்லைக் கதவுக்குச் சட்டம் போடுவதும் விவசாயிகளுக்கு அடிக்கடி வரும் செலவு. சித்திரை வெயிலில் காய்ந்து ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஊறும் மரம், மூன்று நான்கு ஆண்டுகளில் செல்லரித்து விழுந்தால் பணமும் கூலியும் வீண். பருத்த மரமெல்லாம் உழைக்காது; உழைப்பது அதன் வைரமே.

மரத்தின் நடுவே கறுத்து இறுகிய பகுதி வைரம். அதைச் சுற்றியுள்ள வெளுத்த பகுதி தேக்கானாலும் விரைவில் உளுத்துவிடும். தேக்கு வைரத்தில் எண்ணெய்ப் பசையும், கறையானுக்கு ஆகாத டெக்டோகுயினோன் என்ற பொருளும் உண்டு. பத்துப் பன்னிரண்டு வயதுத் தேக்கில் வைரம் குறைவு. அதை முற்றிய தேக்கின் விலைக்கு வாங்குவது நஷ்டம்.

டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தார் மரத்துண்டுகளை மண்ணில் புதைத்துச் சோதித்துள்ளனர். சராசரியாகப் பத்தாண்டும் அதற்கு மேலும் தாங்குபவை முதல் வகுப்பு. ஐந்தாண்டுக்குள் அழிபவை மூன்றாம் வகுப்பு. தேக்கு வைரம் முதல் வகுப்பைச் சேர்ந்தது. மாமரம் மூன்றாம் வகுப்பு. மியான்மரில் அமரபுரம் ஏரியில் 1850ஆம் ஆண்டையொட்டித் தேக்கால் கட்டிய யு பெயின் பாலத்தின் நீளம் சுமார் முக்கால் மைல். பழுதான கால்கள் சில மாற்றப்பட்டபோதிலும், நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் மக்கள் அதில் நடந்து வந்துள்ளனர்.

உள்ளூரில் முற்றிய பலாவின் மஞ்சள் வைரமும் நன்கு உழைக்கும். 2011 டிசம்பரில் தானே புயல் கடலூர் மாவட்டத்தில் பலாவையும் முந்திரியையும் ஏராளமாகச் சாய்த்தது. அவ்வாறு விழும் மரங்களில் பலாவை அறுத்துப் பயன்படுத்தலாம். முந்திரி விறகுக்கே ஏற்றது. பனைக்கு வைரம் வெளிப்புறத்தில். உள்ளிருக்கும் சோற்றை நீக்கிவிட வேண்டும்.

நல்ல மரமும் மண்மட்டத்தில்தான் முதலில் இறும். எனவே காலை மண்ணில் புதைக்காமல், கருங்கல் அல்லது கான்கிரீட் அடிமானத்தின் மேல் இரும்புப் பட்டையால் பிணைத்து நிறுத்துவது நலம். கால் தலையைச் சரிவாகச் சீவினால் மழைநீர் தங்காது. வெளியில் பலகைத் தளம் போடுவோர் பலகைகளுக்கிடையே கால் அங்குல இடைவெளி விட வேண்டும். முந்திரி ஓட்டு எண்ணெய் பூசுவது படகுக்காரர்களின் பழைய வழக்கம். அது தோலைப் புண்ணாக்குமாதலால் கையில் படாமல் பூச வேண்டும்.

பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி தேவை. தேக்கை வெட்டுமுன் வனத்துறை அலுவலகத்தில் விதிகளைக் கேட்டறிய வேண்டும். மரம் வாங்குவோர் அறுத்த முகத்தைப் பார்த்து, வைரத்தை அளந்து, அதற்கே விலை பேசுவது லாபம்.