மந்திரம் தீர்ந்த காலமும் தீராத காலமும்

1978-இல் வந்த ‘அட்வான்ஸ்டு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விதிப்புத்தகத்தில் முதல் லெவல் மந்திரவாதிக்கு ஒரு நாளைக்கு ஒரே ஒரு மந்திரம்தான். காலையில் எழுந்ததும் மந்திரப் புத்தகத்தை விரித்து, இன்று எது தேவைப்படும் என்று ஊகித்து, அதை மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும். சொல்லி முடித்ததும் அது நினைவிலிருந்தே அழிந்துவிடும். மறுநாள் படித்தால்தான் மறுபடி உண்டு. உடம்பில் கவசம் கூடாது. கையில் குத்துவாளோ கம்போ இருக்கும். உயிர்ப்புள்ளிக்கு உருட்டுவது நான்கு முகப் பகடை. அதில் ஒன்று விழுந்துவிட்டால் ஒரே அடியில் ஆள் காலி. 2024-இல் வந்த புத்தகத்திலோ அதே முதல் லெவல் மந்திரவாதி நெருப்புக் கணையை நாள் முழுக்க எறிந்துகொண்டே இருக்கலாம். தீரவே தீராது.

இந்த ஆட்டம் பழகாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாலைந்து பேர் சுற்றி உட்காருவோம். கதையை நடத்துகிறவர் டன்ஜன் மாஸ்டர். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம். ‘கதவுக்குப் பின்னால் ஒளிகிறேன்’, ‘அந்தப் பூதத்திடம் பேச்சுக் கொடுக்கிறேன்’ என்று வாயால் சொல்வதுதான் ஆட்டம். பலிக்குமா என்பதைப் பகடை முடிவு செய்யும். ஆட ஆட அனுபவப் புள்ளி சேர்ந்து பாத்திரம் ஏறும் படிதான் லெவல். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கிய இது, 1974-இல் அமெரிக்காவின் லேக் ஜெனீவா என்ற சிற்றூரிலிருந்து மூன்று சின்னப் புத்தகங்களாக வெளிவந்தது. அப்போது மூன்றே வகைப் பாத்திரங்கள்: போர்வீரன், மந்திரவாதி, கடவுளிடம் வரம் பெற்றுப் போரிடும் கிளெரிக்.

எங்கள் குழு வண்டியூரில் ஒரு மொட்டை மாடியில் ஆடுகிறது. இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு மந்திரம் என்றால் என்ன என்று நான் விளக்க வேண்டியிருந்ததே இல்லை. சித்ரா பௌர்ணமியன்று வைகையில் இறங்கும் அழகர் அன்றிரவு வண்டியூருக்கு வந்து தங்கி, மறுநாள் தேனூர் மண்டபத்தில் மண்டூக முனிவருக்குச் சாப விமோசனம் கொடுக்கிறார். தவத்தில் ஆழ்ந்து துர்வாசரைக் கவனிக்காமல் விட்ட சுதபஸ் முனிவர் மண்டூகமாக, அதாவது தவளையாக மாறிப்போன கதையைப் பாட்டிமார் சொல்லி வளர்ந்தவர்கள் இவர்கள். ஆளைத் தவளையாக்கும் மந்திரம் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸிலும் இருக்கிறது. பாலிமார்ஃப் என்று பெயர், மந்திரங்களின் வலிமைப் படிகளில் நான்காம் நிலை. ஆனால் நம் புராணங்களில் சாபம் இலவசமாக வருவதில்லை. ரம்பையைக் கல்லாகச் சபித்த விசுவாமித்திரர், அந்தக் கோபத்தில் தன் தவவலிமை கரைந்துபோனதே என்று வருந்துகிறார். சேர்த்து வைத்தது செலவாகிறது. மந்திரத்துக்கு என்ன விலை? இந்த ஆட்டத்தின் ஒவ்வொரு பதிப்பும் இந்தக் கேள்விக்கே வேறு வேறு பதில் சொல்லி வந்திருக்கிறது என்பது என் கணிப்பு.

முதல் பதிலை கைகாக்ஸ் ஒரு நாவலாசிரியரிடமிருந்து எடுத்தார். ஜாக் வான்ஸ் 1950-இல் எழுதிய ‘தி டையிங் எர்த்’ நூலில் மந்திரவாதிகள் மந்திரங்களை மூளையில் திணித்துக்கொண்டு புறப்படுவார்கள்; சொன்ன நொடியில் அவை மறைந்துவிடும். 1978 விதிகள் இதற்கு நேரக் கணக்கும் போட்டன. மந்திரத்தின் ஒவ்வொரு நிலைக்கும் கால் மணி நேரம் படிக்க வேண்டும். ஒன்பதாம் நிலை மந்திரம் ஒன்றுக்கு மட்டும் இரண்டேகால் மணி நேரம். எல்லாவற்றையும் செலவழித்துவிட்ட பெரிய மந்திரவாதி அத்தனையையும் மறுபடி ஏற்றிக்கொள்ள ஒரு நாள் போதாது. போதாக்குறைக்கு, மந்திரத்தைச் சொல்லி முடிப்பதற்குள் எதிரியின் அடி விழுந்தால் அது வீண்.

புது மந்திரம் கற்பதும் அப்படித்தான். குகையில் ஒரு சுருள் கிடைத்தாலும் அதைப் புரிந்துகொள்ள முடிகிறதா என்று பகடை உருட்ட வேண்டும். அறிவுப்புள்ளி 18 உள்ளவருக்கே 85 சதவீத வாய்ப்பு. 12 உள்ளவருக்கு 45. தவறினால் அந்த மந்திரம் அவருக்குக் கைகூடாது. இத்தனை தடையையும் தாண்டிப் பிழைத்தவர் கையில் கிடைத்த ஃபயர்பால் எப்படிப்பட்டது தெரியுமா? லெவலுக்கு ஒரு பகடை வீதம் சேதம். அந்த நெருப்பு 33,000 கன அடி இடத்தை நிரப்பும். குறுகலான சுரங்கத்தில் எறிந்தால் இடம் போதாமல் திரும்பி வந்து எறிந்தவரையே சுடும். மந்திரம் ஆபத்தான பொருள் என்பதை விதியே சொல்லிக் கொடுத்தது. இந்த ஒரு விஷயத்தில் பழைய புத்தகத்தின் மேல் எனக்குத் தீராத மரியாதை.

கிளெரிக்கின் நிலை இன்னும் கடினம். 1974 விதிகளில் முதல் லெவல் கிளெரிக்குக்கு மந்திரமே கிடையாது. இரண்டாம் லெவலை எட்டினால்தான் கடவுள் காது கொடுப்பார். அதன்பிறகும் காலையிலேயே கணக்குப் போட வேண்டும். எத்தனை பேருக்கு அடிபடும், எத்தனை முறை காயம் ஆற்ற வேண்டும் என்று ஊகித்து அதையே வாங்கிவைப்பார். வேறு எதையும் கேட்க இடமிருக்காது. குழுவில் யாராவது ஒருவர் கிளெரிக்காக இருந்தே ஆக வேண்டும், விரும்பி எடுக்கிறவர் யாருமில்லை என்ற நிலை பல மேஜைகளில் இருந்தது. 1989-இன் இரண்டாம் பதிப்பு எட்டு மந்திரப் பள்ளிகளையும் குருமார்களுக்கான தனித்தனி மண்டலங்களையும் கொண்டுவந்து ஒழுங்குபடுத்தியது. விலையில் பெரிய மாற்றமில்லை.

மாற்றம் 2000-இல் வந்தது. மூன்றாம் பதிப்பை வெளியிட்டது, அதுவரை இந்த ஆட்டத்தை வெளியிட்டுவந்த நிறுவனத்தை 1997-இல் வாங்கிய விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட். அதில் சார்சரர் என்ற புதியவர் வந்தார். மந்திரம் இவர் ரத்தத்திலேயே இருக்கிறது; புத்தகம் வேண்டாம், மனப்பாடம் வேண்டாம். தெரிந்தது கொஞ்சம்தான், ஆனால் அதில் எதை எப்போது என்பது அந்த நொடியின் முடிவு. கிளெரிக்கும் வாங்கிவைத்த எந்த மந்திரத்தையும் காயம் ஆற்றுவதாக மாற்றிக்கொள்ளலாம். காலைக் கணக்கின் பாரம் இறங்கியது. மறுபக்கம், பழைய பதிப்புகளில் மந்திரவாதியைக் கட்டிப்போட்ட சங்கிலிகள் ஒவ்வொன்றாக அறுந்தன. ஒவ்வொரு லெவலுக்கும் இரண்டு புது மந்திரங்கள் தானாக வந்தன. எதிரி பக்கத்தில் நின்றாலும் கவனமாகச் சொன்னால் கலையாது. முன்பு இரண்டாம் லெவலுக்குத் திருடன் என்ற பாத்திரம் 1,251 அனுபவப் புள்ளிகளில் ஏற, மந்திரவாதி 2,501 சேர்க்க வேண்டியிருந்தது. இப்போது எல்லாருக்கும் ஒரே அட்டவணை. விலை குறைந்தது, சக்தி குறையவில்லை. லெவல் கூடக் கூட, வாள் பிடித்த ஆள் வேடிக்கை பார்க்கிறவராகிப் போனார். அந்தப் பாத்திரத்தை ஆசையாக எடுத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்திருப்பவரின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு இது வெறும் விதிச் சிக்கலாகத் தோன்றாது.

அதற்கு மருந்தாக 2008-இல் வந்தது நான்காம் பதிப்பு. வாள்வீரன், மந்திரவாதி, கிளெரிக் எல்லாருக்கும் ஒரே சட்டம்: எப்போதும் செய்யக்கூடியது, ஒரு சண்டைக்கு ஒருமுறை செய்யக்கூடியது, நாளுக்கு ஒருமுறை செய்யக்கூடியது. சமநிலை கிடைத்தது. மந்திரவாதி தன் முகத்தை இழந்தார். தவறாமல் படும் மந்திரமாக அதுவரை இருந்த மேஜிக் மிசைலுக்குக்கூடப் பகடை உருட்ட வைத்தார்கள்; எதிர்ப்பு எழுந்து 2010-இல் பழையபடியே மாற்றினார்கள். பலர் பழைய விதிகளைத் தொடர்ந்த ‘பாத்ஃபைண்டர்’ ஆட்டத்துக்குப் போய்விட்டார்கள். இந்தப் பதிப்பைத் திட்டுவது வழக்கமாகிவிட்டது. நான் திட்ட மாட்டேன். ஒரு மந்திரத்தைச் சொல்லிவிட்டு மீதி நேரமெல்லாம் சும்மா இருப்பது ஆட்டமாகாது என்று முதலில் உறுதியாக எழுதிவைத்தது அதுதான்.

அந்தப் பாடத்தை 2014-இன் ஐந்தாம் பதிப்பு எடுத்துக்கொண்டு பழைய உருவத்தை மீட்டது. சின்ன மந்திரங்கள் கேன்ட்ரிப் என்ற பெயரில் தீராதவை. பெரியவற்றுக்கு ஸ்லாட் உண்டு, அதாவது இத்தனை முறைதான் என்ற அளவு. ஆனால் காலையில் தயார் செய்த பட்டியலில் எதற்கு எந்த ஸ்லாட் என்பது செலவழிக்கும்போது முடிவாகும். ஃபயர்பாலுக்கு எட்டுப் பகடை. கூட வேண்டுமானால் பெரிய ஸ்லாட்டைக் கொடு. வார்லாக் என்பவர் ஏதோ ஒரு சக்தியோடு உடன்படிக்கை செய்துகொண்டவர். அவருக்கு ஸ்லாட் கொஞ்சம், ஒரு மணி நேர ஓய்விலேயே நிரம்பிவிடும். எல்லாவற்றையும்விட நான் மதிப்பது கான்சன்ட்ரேஷன் விதியை. நீடிக்கும் மந்திரங்களில் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மனத்தில் பிடித்திருக்க முடியும். அடிபட்டால் அதுவும் நழுவலாம். மூன்றாம் பதிப்பில் பறந்துகொண்டே மறைந்து, வேகமும் கூட்டிக்கொண்டு நின்ற மந்திரவாதியை இந்த ஒற்றை விதி மனுசனாக்கிவிட்டது. தவம் கலைவதைப் பற்றிக் கேட்டு வளர்ந்த எங்கள் பையன்களுக்கு இதை இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருக்கவில்லை.

2024 திருத்தம் இன்னும் மென்மையானது. கிளெரிக், சார்சரர், வார்லாக் முதல் லெவலிலும் விசார்ட் எனப்படும் மந்திரவாதி, இயற்கையிடம் சக்தி பெறும் ட்ரூயிட் ஆகியோர் இரண்டாவதிலும் எடுத்துவந்த உட்பிரிவுகளை இப்போது எல்லாரும் மூன்றாம் லெவலில் எடுக்கிறார்கள். காயம் ஆற்றும் க்யூர் வூண்ட்ஸ் ஒரு பகடையிலிருந்து இரண்டாகியிருக்கிறது. ஸ்லீப் மந்திரம் மட்டும் எதிர்த்திசையில் போனது. 1978-இல் நாலு பகடை உருட்டி, சின்ன எதிரிகளின் கூட்டத்தையே மறுபேச்சின்றிப் படுக்கவைத்தது அது. இப்போது ஐந்தடி ஆரத்துக்குள், எதிரி இருமுறை தடுக்கத் தவறினால்தான் தூக்கம். நாளுக்கு ஒன்றுதான் என்றபோது அந்த ஒன்று வலிமையாக இருந்தது. நிறையக் கிடைக்கும்போது ஒவ்வொன்றும் மெலிகிறது.

புதிதாக ஆட வருகிறவருக்கு இன்றைய விதிகளே நல்லவை. முதல் நாளே மந்திரம் தீர்ந்து மீதி மூன்று மணி நேரம் கம்பை வைத்துக்கொண்டு நின்றால் மறுவாரம் அவர் வரமாட்டார். மறப்பதும் சாவதும் குறைந்ததில் எனக்கு வருத்தமில்லை. தேடல் குறைந்ததில்தான் வருத்தம். அன்று ஒரு மந்திரத்துக்குப் பின்னால் ஒரு கதை இருந்தது: எந்தக் கோபுரத்தில் கிடைத்தது, யாரிடம் ஏமாந்து வாங்கியது, யார் செத்தார்கள் என்று. இன்று லெவல் ஏறியதும் பட்டியலைத் திறந்து இரண்டைக் குறித்துக்கொள்கிறோம்.

அதனால் எங்கள் மாடியில் 2024 விதிகளில் ஒன்றை மாற்றியிருக்கிறோம். விசார்டுக்கு லெவலுக்கு ஒரு மந்திரம் தானாக வரும். மற்றதை ஆட்டத்துக்குள் தேடித்தான் எழுதிக்கொள்ள வேண்டும். கேன்ட்ரிப்பில் கைவைக்கவில்லை. விசார்ட் ஆடும் தம்பி முதலில் முறைத்தார். இப்போது எந்த ஊருக்குப் போனாலும் அங்கே பழைய ஏடு வைத்திருப்பவர் யார் என்று விசாரிப்பதுதான் அவர் முதல் வேலை. கிளெரிக்குக்கும் இப்படி ஒன்று வேண்டுமா என்பதில்தான் முடிவு எட்டவில்லை. “சாமி கொடுக்கிறதுக்கு எதுக்குண்ணே அலையணும்?” என்று கிளெரிக் ஆடும் தங்கச்சி கேட்கிறாள். நேர்த்திக்கடன் இல்லாமல் வரமா என்று நான் கேட்கிறேன்.